இரண்டாவது தட்டு

கான்டசா கார் வந்து சேர்ந்தபோது நல்ல உச்சிப்பொழுது. ஓடி வரவில்லை, கயிறு கட்டி டிராக்டரில் இழுத்து வந்தார்கள். ஆளைக் கொன்ற வண்டியைச் செத்தவன் வீட்டு வாசலுக்கே இழுத்து வர ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். சுதர்சனுக்கு அது நிறையவே இருந்தது. அவன் அப்பா கல்குவாரிக்காரர். பிள்ளைக்குச் சொத்தோடு சேர்த்து அதையும் கொடுத்திருந்தார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. பின்னால் ஒட்டினாற்போல் ஓட்டு வீடு. எதிரே ரோட்டைத் தாண்டினால் சீமைக்கருவேல முள். முள்ளுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அம்போ என்று விட்டுப்போன பழைய குழி. அதில் பச்சைத் தண்ணீர் நிற்கும். ஆழம் என்ன என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை.

வளர்மதி அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டிராக்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அந்தக் கரும்பச்சை நிறம் கண்ணில் பட்டதும் கை நின்றுவிட்டது. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றான் சுதர்சன். கையில் ஒரு பை ஆப்பிள். பக்கத்தில் அவன் கூட்டாளி அறிவரசன், எப்போதும் போலப் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருக்கேன். சாகலையே," என்றாள் வளர்மதி.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி இதே வண்டி, இதே கொட்டகை. அப்போது வளர்மதியின் புருஷன் செல்லதுரை உயிரோடு இருந்தான், பட்டறையும் அவனுடையது. சுதர்சன் கான்டசாவின் சொந்த என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கோ காயலான் கடையில் கிடந்த ஆறு சிலிண்டர் வெளிநாட்டு என்ஜின் ஒன்றை வாங்கி உள்ளே திணித்திருந்தான். பைபாஸில் ரேஸ் விட்டு வீடியோ போட வேண்டுமாம். செல்லதுரை வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ஜின் யானை, இடுப்பு ஆட்டுக்குட்டி. இது தாங்குமா தம்பி?" என்றான்.

என்ஜின் எவ்வளவு பெரிசாக இருந்தால் என்ன, அதன் வேகம் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேர வழி வேண்டுமே. கியர் பாக்ஸ், அதிலிருந்து வண்டிக்கு அடியில் நீளமாகப் போகிற ஷாப்ட், பின்னால் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற கிரவுன் பல்சக்கரம், அங்கிருந்து ஆக்சில். இத்தனையும் பழைய ஒல்லி உருப்படிகளாகவே இருந்தால் புது என்ஜின் அவற்றைக் கரும்பு ஒடிக்கிற மாதிரி ஒடித்துப் போட்டுவிடும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதுவரை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும் என்று செல்லதுரை படித்துப் படித்துச் சொன்னான். எது எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் சுற்ற விட்டு, அடியில் படுத்துச் சத்தம் கேட்டான். சுதர்சனை சீட்டில் உட்கார வைத்தான்.

என்ஜின் ஓடும்போது கீழே இருப்பவன் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவன் ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், கொஞ்சம் மிதி. ரெண்டு தட்டு என்றால், விட்டுவிடு.

அன்றைக்கு அடுப்படியில் இருந்த வளர்மதிக்கு எல்லாம் கேட்டது. ஒரு தட்டு. என்ஜின் உறுமியது. பிறகு ரெண்டு தட்டு. உறுமல் குறையவில்லை, ஏறியது. கொட்டகையில் சிரிப்புச் சத்தம், "மிதிடா மிதிடா" என்று யாரோ. மறுபடி ரெண்டு தட்டு. மறுபடி. மறுபடி. அவள் உலையை இறக்காமல் அப்படியே எழுந்து ஓடினாள். வாசலைத் தாண்டுவதற்குள் ஏதோ முறிந்து இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தட்டு எதுவும் இல்லை.

ஷாப்ட் முறிந்து சுழற்றி அடித்திருந்தது. அடித்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

போலீஸ் வந்தபோது கான்டசாவின் ஆக்சிலரேட்டர் மேல் ஒரு செங்கல் இருந்தது. "நாங்க யாரும் சீட்டுலயே உக்காரல சார். அவரே செங்கல்லத் தூக்கி வச்சிட்டுக் கீழ படுத்தாரு. வேணாம்னு சொன்னோம்," என்றான் சுதர்சன். அறிவரசன் தலையாட்டினான். வளர்மதி தட்டுச் சத்தத்தைச் சொன்னாள். பொம்பளை அடுப்படியிலிருந்து கேட்டதை யார் எழுதிக்கொள்வார்கள்? திருமழபாடியில் கொள்ளிடத்தில் சாம்பலைக் கரைத்துவிட்டு வருவதற்குள் பட்டறைக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. செங்கல் பட்டறை. பஸ் கண்டக்டர் கூட அப்படித்தான் சொல்லி இறக்கிவிட்டான். தொழில் தெரியாதவன், செங்கல்லை வைத்துவிட்டு அடியில் படுத்த மடையன் என்று போகிற வருகிறவனெல்லாம் சிரித்தான்.

புருஷன் போனது ஒரு நெருப்பு என்றால் இந்தப் பெயர் இன்னொரு நெருப்பு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான்தான் மிதித்தேன் என்று சுதர்சன் தன் வாயால், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். அதற்காகவே அவள் சோறு தின்று உயிர் வைத்திருந்தாள் என்றால் பொய்யில்லை.

இப்போது அவனே வந்து நிற்கிறான்.

"பெரம்பலூர்ல பாத்தேன், திருச்சில பாத்தேன், ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கிறான்கா," என்றான் சுதர்சன். "ஒரு போல்ட்டுகூட அசைய மாட்டேங்குது. ஒருத்தனுக்குக் கட்டைவிரல் நசுங்கிப் போச்சு. தொழில்காரனைத் தின்ன வண்டிய, தின்ன எடத்துலதான் மொதல்ல பிரிக்கணும்னு சொல்றானுவோ. செத்தவரு வூட்டு ஆளுதான் மொத ஸ்பேனர எடுத்துக் குடுக்கணுமாம். வண்டி பட்டறைய விட்டுப் போற வரைக்கும் அந்த ஸ்பேனரு அவங்ககிட்டயே இருக்கணுமாம்."

மெக்கானிக்குகளுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். செல்லதுரையே சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

வளர்மதியின் தம்பி அஜித்குமார் உள்ளேயிருந்து வந்தான். மாமன் போன பிறகு பட்டறையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். தொழிலும் மாமனிடம் கற்றதுதான். வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"மொதல்ல இத வெளிய இழுத்துட்டுப் போங்க," என்றான்.

"இருடா," என்றாள் வளர்மதி. சுதர்சன் பக்கம் திரும்பினாள். "செய்யுறோம். ஒரே ஒரு பேச்சு. வேலை முடிஞ்சு சத்தம் பாக்குறப்ப நீங்கதான் சீட்டுல உக்காரணும்."

"அவ்வளவுதானாக்கா? என் வண்டில நான் உக்காராம வேற யாரு உக்காருவா?" என்று சிரித்தான்.

"அன்னைக்கு உக்காரலன்னு சொன்னீங்களே. அதுக்குத்தான் கேட்டேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. ஆப்பிள் பையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?" என்று அஜித்குமார் குதித்தான். "மாமாவக் கொன்னவன் வண்டிக்கு நான் சேவகம் பண்ணணுமா?"

"எத்தனை பட்டறை போயிருக்கு, எங்கயாச்சும் பிரிக்க விட்டுச்சா? உங்க மாமாதான் இங்க இழுத்துட்டு வந்திருக்காரு. நீ வேலையப் பாரு."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்கள். பின்பக்க வேலை என்பதால் வழக்கம்போல வண்டியைப் பின்னால் தள்ளி, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தி, பின் சக்கரம் ரெண்டையும் ஸ்டாண்டில் ஏற்றினான் அஜித்குமார். வளர்மதி செல்லதுரையின் ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். முதல் போல்ட்டில் அதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். அத்தனை பலம் வேண்டியிருக்கவில்லை. போல்ட் தளர்ந்து வந்தது. அடுத்ததற்கு ஸ்பேனரே வேண்டாம் போலிருந்தது. விரலால் திருகினான், கழன்று விழுந்தது.

ஊர் ஊராய் அசையாத போல்ட்டுகள், தண்ணீர்க் குழாய் மூடியைத் திருகுகிற மாதிரி ஒவ்வொன்றாய்க் கழன்று வந்தன.

அஜித்குமார் ஸ்பேனரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. இன்னும் அகலமான கியர் பாக்ஸ், தடித்த கிளட்ச் பிளேட். ஷாப்ட்டைப் பெரம்பலூர் லேத்துப் பட்டறையில் கனமான குழாயில் புதிதாகச் செய்து வாங்கினான். கனத்த ஜீப் ஒன்றின் கிரவுனை அதன் இரும்புக் கூட்டோடு கொண்டு வந்து, அகலத்தைக் குறைத்து வெட்டி, பற்ற வைத்து ஏற்றினான். ஆக்சில் ரெண்டும் புதுசு. செல்லதுரை அன்றைக்குச் சொன்ன அத்தனையும், ஒன்று விடாமல்.

ஒருநாள் மத்தியானம் அஜித்குமார் பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் இருந்தான். ஒரு கை வேலையில். மற்றக் கையை வெளியே நீட்டி, "பதினேழு குடு," என்றான்.

கையில் ஸ்பேனர் வந்தது. வேலையை முடித்துவிட்டு மறுபடி நீட்டினான். "பத்தொம்போது."

வந்தது.

"துணி."

துணியும் வந்தது. எண்ணெய் வழித்துவிட்டுக் கேட்டான், "அக்கா, சோறு ஆயிருச்சா?"

பதில் இல்லை. வெயில் தகரத்தில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு லாரிகூட இல்லை. அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். வெளியே தரையில் வெளிச்சம்தான் இருந்தது. பக்கத்தில் நிற்கிற காலைக் காணோம்.

வீட்டுப் பக்கமிருந்து வளர்மதி டீ டம்ளரோடு வந்தாள். "இந்தாடா, சூடா இருக்கு."

"நீதானக்கா இப்ப துணி குடுத்த?"

"நான் இப்பத்தானடா வாரேன்."

அவன் கையில் இருந்த துணியைப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கியின் கிழிசல். அந்த லுங்கியைச் செல்லதுரையின் பொணத்தின் மேல்தான் போர்த்தி அனுப்பினார்கள்.

அஜித்குமார் பலகையிலிருந்து உருண்டு வெளியே வந்தான். டீயை வாங்கவில்லை. வளர்மதி அந்தத் துணியை அவன் விரலிலிருந்து பிரித்து எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். கிரீஸ், வியர்வை, அவள் புருஷன் தலைக்குத் தடவுகிற எண்ணெய். அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அவரு நமக்குக் கெடுதல் பண்ண மாட்டாருடா," என்றாள்.

"நமக்குப் பண்ண மாட்டாரு," என்றான் அஜித்குமார்.



வேலை முடிந்த அன்று சுதர்சனுக்குப் போன் போட்டார்கள். உச்சி வேளைக்கு வருவதாகச் சொன்னான். அஜித்குமார் பலகையை வண்டிக்கு அடியில் தள்ளினான். செருப்பைப் பக்கத்தில் கழற்றிவிட்டான். வளர்மதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கீழ போகக் கூடாது."

"அப்ப சத்தத்த யாருக்கா கேக்குறது?"

"கேக்க வேண்டியவரு கேப்பாரு. நீ போயி கை கழுவிட்டு வா."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வெறுங்காலோடு, சோப்புத்தூளை எடுத்துக்கொண்டு பின்னால் தொட்டிக்குப் போனான்.

சுதர்சன் புதுச் சட்டையில் வந்தான். வண்டி முன்னால் அறிவரசன் போனோடு நின்றான். முதல் ஓட்டத்தை வீடியோ எடுக்க வேண்டுமாம். அடியில் பாதி நுழைந்து கிடந்த பலகையையும் செருப்பையும் சுதர்சன் பார்த்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினான்.

"கீழ ஆளு இருக்குல்லக்கா?"

"இருக்கு," என்றாள் வளர்மதி. அவள் வண்டியின் இடது பக்கம், பின் சக்கரத்துக்கு நேரே நின்றாள். ஸ்பேனர் இடுப்பிலிருந்து கைக்கு வந்திருந்தது.

சாவி திரும்பியது. ஆறு சிலிண்டரும் ஒன்றாக எழுந்தன. தகரம் அதிர்ந்து தூசி உதிர்ந்தது. கியர் விழுந்தது. பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற ஆரம்பித்தன. கிரவுனிலிருந்து சுத்தமான, ஒரே சீரான முனகல் வந்தது.

டொக்.

வண்டிக்கு அடியிலிருந்து வந்த தட்டு. சுதர்சன் மிதித்தான். முனகல் ஏறியது.

டொக்.

"இன்னும் வேணுமாம்! அப்படிப் போடு!" என்று அறிவரசனைப் பார்த்துக் கத்தினான். மிதித்தான்.

டொக்.

மிதித்தான். சக்கரத்திலிருந்து வந்த காற்று வளர்மதியின் சேலையைப் பறக்கவிட்டது. ரப்பர் சூடேறுகிற வாடை. அதோடு, எங்கிருந்தோ, செல்லதுரையின் தலை எண்ணெய் வாடை.

அறிவரசன் நல்ல கோணம் தேடி மண்டி போட்டு உட்கார்ந்தான். போனை வண்டிக்கு அடியில் காட்டினான். அவன் வாய் திறந்தது. ரெண்டு தடவை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"சுதர்சா... கீழ யாரும் இல்லடா."

டொக்.

தொட்டிப் பக்கமிருந்து அஜித்குமார் வந்தான், ஈரக் கையை உதறிக்கொண்டு. வலது ஜன்னல் வழியாக சுதர்சன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அஜித்குமாரின் ரெண்டு கையையும் பார்த்தான். வெறும் காலைப் பார்த்தான்.

டொக்.

காலைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை.

"ஏய்... கால் வரமாட்டேங்குது. ஏய்!"

டொக்.

ஒவ்வொரு தட்டுக்கும் அவன் தொடை தானாக அழுந்தியது. ரெண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து இழுத்தான். அஜித்குமார் ஓடி வந்து வலது பக்கக் கதவை இழுத்தான், திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். சாவி அவன் கையோடு வந்தது. என்ஜின் நிற்கவில்லை.

ஸ்டாண்டு ரெண்டும் தரையில் நடுங்கி நகர்ந்தன.

"அக்கா!" என்று அஜித்குமார் வண்டியின் அந்தப் பக்கமிருந்து அலறினான். "ரெண்டு தட்டு தட்டுக்கா! ரெண்டு தட்டுனாத்தான் மாமா விடுவாரு!"

அவளுக்கும் அது தெரியும். செல்லதுரை வைத்த சட்டம். செத்தாலும் அவன் சட்டத்தை அவன் மீற மாட்டான்.

வளர்மதி குனிந்து இடது ஜன்னல் வழியாக சுதர்சனைப் பார்த்தாள். இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்ததைத் தொண்டை கிழியக் கேட்டாள்.

"செங்கல் யாருடா வச்சது?"

"அக்கா, தட்டுங்கக்கா! உங்க காலுல விழுறேன்!"

"யாரு வச்சது?"

டொக்.

"நான்தான்! நான்தான் வச்சேன்! செத்த பொறவு வச்சேன்! நான்தான் மிதிச்சேன்!" மூக்கும் கண்ணும் ஒழுக, அவன் அறிவரசன் பக்கமும் அஜித்குமார் பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தினான். "அவரு தட்டுனாரு! ரெண்டு ரெண்டாத் தட்டுனாரு! கேட்டுச்சு! கேட்டுட்டுத்தான் மிதிச்சேன்! போதுமாக்கா? தட்டுங்க!"

போதும்தான். அவள் கேட்டதை அவன் கொடுத்துவிட்டான். நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. அறிவரசனின் போனும் கேட்டுக்கொண்டிருந்தது. இனி யாரும் செங்கல் பட்டறை என்று சொல்ல முடியாது.

ஆனால் கேட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னானே.

இத்தனை காலம் அவள் நினைத்திருந்தது வேறு. என்ஜின் இரைச்சலில் அவனுக்குத் தட்டு கேட்கவில்லை, விளையாட்டுப் புத்தியில் மிதித்துவிட்டான், பயந்துபோய்ப் பொய் சொன்னான் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த ஒரு சந்தேகத்தில்தான் அவன் கொண்டு வந்த ஆப்பிளைக்கூடத் தூக்கி எறியாமல் மாட்டுக்குப் போட்டாள்.

வளர்மதி நிமிர்ந்தாள். ஸ்பேனரை ஓங்கி டிக்கியின் விளிம்பில் தட்டினாள்.

டொக்.

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் சுதர்சனின் கண் அவளைப் பார்த்தது. நன்றியோடு பார்த்தது. அடுத்த தட்டுக்குக் காத்திருந்தது.

கை மேலே போனது.

மேலேயே நின்றது.

சுதர்சனின் கால் அடிப்பலகை வரை இறங்கியது. ஸ்டாண்டு ரெண்டும் ஒன்றாகச் சரிந்தன. சுற்றிக்கொண்டிருந்த சக்கரங்கள் தரையைக் கவ்வின. இந்தத் தடவை ஷாப்ட் முறியவில்லை. கிரவுனில் ஒரு பல்கூட உடையவில்லை. ஆக்சில் முறுக்கவில்லை. அந்த யானை என்ஜினின் பலம் ஒரு சொட்டு சிந்தாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அறிவரசன் ஒரு பக்கமாய்ப் பாய்ந்து தப்பினான். கான்டசா கொட்டகையை விட்டுப் பறந்து, ரோட்டை ஒரே தாவலில் தாண்டி, முள்ளைப் பிய்த்துக்கொண்டு போனது.

குழியில் விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்சம் நேரம் ஆனது.

பச்சைத் தண்ணீர் ரொம்ப நேரம் குமிழி விட்டது. கரையில் லாரிக்காரர்கள், டீக்கடை ஆட்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து என்ஜின் சத்தம் வந்ததாகப் பின்னாளில் பலர் சத்தியம் செய்தார்கள். அது நீரில் மூழ்கிய வண்டி, அப்படி வர வழியில்லை. ஆனாலும் வந்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அஜித்குமாருக்கும் கேட்டது.

ஸ்டாண்டு நழுவி விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அறிவரசனின் வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எல்லார் போனுக்கும் போய்விட்டது. அதில் வருகிற டொக் டொக்கெல்லாம் ஏதோ லூசான போல்ட் என்றார்கள். சுதர்சன் கத்தியது மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மறுவாரம் பஸ் கண்டக்டர், "செல்லதுரை பட்டறையெல்லாம் எறங்கு," என்று குரல் கொடுத்ததை வளர்மதி தன் காதால் கேட்டாள். மீன்சுருட்டியிலிருந்து செல்லதுரையின் அண்ணன் வந்து, தம்பி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டுப் போனார்.

வண்டி குழியில் விழுந்த அன்று இரவு கை கழுவும்போதுதான் வளர்மதி அதைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பாக, கிரீஸ் தடம். நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. சோப்புப் போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள், தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது.

அஜித்குமார் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்.

"நீ தட்டத்தான் கை ஓங்குன, நான் பாத்தேன். மாமாதான் புடிச்சு நிறுத்திட்டாரு. ரெண்டாவது தட்டு தட்ட விடல. உன் மேல பாவம் இல்லக்கா."

"ஆமாண்டா," என்றாள் வளர்மதி. "போயித் தூங்கு."

அவன் போன பிறகு விளக்கடியில் கையை நீட்டி மறுபடி பார்த்தாள். தடம் இருந்தது இடது கையில். ஸ்பேனர் இருந்தது வலது கையில். வலது கையை யாரும் பிடிக்கவில்லை.

இப்போதும் உச்சிப்பொழுதில் கொட்டகையில் யாரும் இல்லாதபோது அவள் அங்கே போய் நிற்பாள். கொஞ்ச நேரத்தில் இடது மணிக்கட்டில் அந்தத் தடம் ஈரமாகும், சூடேறும், ஒவ்வொரு விரலாக இறுகும். அவள் கையை உருவிக்கொள்வதில்லை.